பின்அச்சைத் தேடி கொட்ரிச் வரை

மார்ச் மாதக் கடைசியில் தென் ஒன்ராறியோவின் நெடுஞ்சாலைகள் வெளிறிப்போய்க் கிடக்கும். புதிதாக வந்தவர் அதைப் பனி என்று நினைப்பார். பனி உருகி ஓடி நாளாகியிருக்கும். குளிர்காலம் முழுக்கக் கொட்டிய உப்புத்தான் காய்ந்து தார்மேல் படிந்திருக்கிறது. பெரிய லொறி ஒன்று முந்திப் போனால் அந்தப் பொடி எழும்பி வந்து முன்கண்ணாடியை மூடும். தூறல் விழுந்தாலோ அதே பொடி கரைந்து, ஓடுகிற ஒவ்வொரு வாகனத்தின் அடியிலும் அடிக்கும்.

அப்படியான ஒரு காலையில் ஸ்காபரோவிலிருந்து மேற்கே புறப்பட்டோம். ஓட்டியவர் அங்கே நெடுங்காலமாகக் கராஜ் நடத்தும் ஓர் அண்ணை. அவருக்குத் தேவை ஒரு பின்அச்சு. அவருடைய ஹொயிஸ்றில் பழைய வான் ஒன்று ஏறி நிற்கிறது. அதன் பின்அச்சு இடது பக்கத்தில் முறிந்துபோயிருந்தது. புதிய அச்சுக்குச் சொல்லி வைத்தால் வர நாளெடுக்கும், விலையும் வானின் பெறுமதியைத் தொட்டுவிடும். ஆகவே கிச்சினர் பக்கத்தில் பழைய வாகனங்களை உடைத்து விற்கும் யாட்களில் தேடிப் பார்க்கலாம் என்று கிளம்பினார். எனக்கு வேறு நோக்கம். இந்த மாகாணத்து வீதிகளில் விழும் உப்பின் பெரும்பங்கு வருகிற கொட்ரிச் என்ற ஊரை, ஹியூரன் ஏரிக்கரையில் போய்ப் பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. கிச்சினருக்கு அப்பால் இன்னும் கொஞ்சத் தூரம்தான். கேட்டதும், “வாரும், போவம்” என்றார்.

அந்த முறிந்த அச்சை முதல்நாள் மாலை கராஜில் பார்த்திருந்தேன். வான் தலைக்கு மேலே தூக்கி நிற்க, அண்ணை கீழே நின்று டோர்ச் பிடித்தார். ஒரு பின்சில்லிலிருந்து மற்றதை நோக்கிக் குறுக்கே போகும் உருக்குத் தகடு அது. கூரை ஓரத்துப் பீலியைக் கவிழ்த்து வைத்தது போல வளைக்கப்பட்டிருக்கும். இரண்டு அந்தத்திலும் முன்பக்கமாக நீளும் கைகளோடு வெல்டிங்கால் சேர்ந்திருக்கும். வெளிப்பக்கத்தில் கறுப்புப் பெயின்ற் பெரும்பாலும் அப்படியே இருந்தது. உட்பக்கம் விரலை விட்டதும் துரு தட்டுத் தட்டாகக் கழன்று கையோடு வந்தது. முறிந்த விளிம்பில் இரண்டு நிறம் தெரிந்தது. உட்புறத்திலிருந்து தொடங்கி முக்கால் பங்குக்கு மேல் கறுத்துப்போன பழைய துரு. மிச்சம் மட்டும் சாம்பல் நிறத்தில் மினுங்கியது.

“பாரும் தம்பி, இந்தக் கறுப்பு எப்பவோ வெடிச்சது. இந்த மினுங்கிற துண்டுதான் முந்தநாள் முறிஞ்சது. போன மாசமெல்லாம் இந்த வான் ஓடினது இந்தத் துண்டை நம்பித்தான்.”

அந்த மினுங்கிய துண்டின் அகலம் என் கட்டைவிரல் அளவு. கணவனும் மனைவியும் தொழிற்சாலை வேலைக்குப் போய்வரும் வான் அது. சனி ஞாயிறுகளில் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு 401 நெடுஞ்சாலையில் ஓடும் வான்.

அச்சு முறிந்தால் பாரத்தைக் குற்றம் சொல்வது வள்ளுவர் காலத்திலிருந்தே நம் வழக்கம். ஊரில் அது பொருந்தியும் வந்தது. மண்ணெண்ணெயில் ஓடிய பழைய ஒஸ்ரினிலும் மொறிஸ் மைனரிலும் பின்சில்லைச் சுற்றுவது எஞ்சின். சுற்றுகிற தண்டு உள்ளே இருக்கும். மூட்டைகளை அடுக்கிக்கொண்டு பள்ளத்தில் விழுந்தெழும்பினால் முறிவது அந்தத் தண்டு. கனடாவில் குடும்பங்கள் ஓட்டும் வான்களில் பெரும்பாலானவற்றை இழுப்பது முன்சில்லு. பின்அச்சுக்குச் சுற்றுகிற வேலை இல்லை, தாங்குகிற வேலைதான். சுற்றாத, சூடேறாத, எண்ணெய் கேட்காத சாமானுக்கு என்ன வரப்போகிறது என்று எல்லாரும் இருந்துவிடுகிறார்கள். எண்ணெய் மாற்ற வருகிற வானைத் தூக்கும்போதுகூடப் பல கராஜ்களில் அந்தப் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை.

ஆனால் அதற்கு ஒரு வேலை இருக்கிறது. திருகுவது. ஒரு சில்லு பள்ளத்தில் இறங்கி மற்றது இறங்காமல் நிற்கும்போது இந்தக் குறுக்குத் தகடு முறுகிக் கொடுத்து, உடனே பழைய நிலைக்கு வர வேண்டும். அதாவது அச்சு, வில் இரண்டின் வேலையையும் ஒரே தகடு செய்கிறது. 1974இல் வந்த ஃபோக்ஸ்வாகன் கொல்ஃப் இந்த அமைப்பைப் பரப்பியது. மலிவு, பாரக் குறைவு, வாகனத்தின் தளத்தையும் தாழ்வாக வைக்கலாம். சாமான் ஏற்றவும் வயதானவர்கள் ஏறி இறங்கவும் வசதியாக இருக்க வேண்டிய வானுக்கு இதைவிடத் தோதான பின்அச்சு கிடைப்பது கடினம். முறுக வேண்டும் என்பதாலேயே அது மூடிய குழாயாக இல்லாமல் ஒரு பக்கம் திறந்திருக்கிறது. மூடிய குழாய் முறுகிக் கொடுக்காது. சில வான்களில் வாய் கீழ்நோக்கி இருக்கும், சிலவற்றில் பின்னோக்கி. சில்லு எறியும் பனிச்சேறு நேரே அந்த வாய்க்குள் போய் மூலைகளில் அப்பிக்கொள்கிறது. பெயின்ற் குறைவாகப் படியும் இடமும் அந்த மூலைதான், முறுக்கின் அழுத்தம் அதிகம் விழும் இடமும் அதுதான்.

பின்அச்சு முறிவதன் முழுக் காரணமும் இந்த ஒரு மூலைக்குள் இருக்கிறது. உப்பு நீர் மின்னோட்டத்தை எளிதில் கடத்தும். துருப்பிடித்தல் அடிப்படையில் மின்வேதியல் வினை. குளோரைடு இரும்பின் மேலுள்ள மெல்லிய காப்புப் படலத்தையும் குலைத்துவிடுகிறது. மூலையில் சின்னக் குழிகள் விழும். கண்ணுக்கு அது அற்பக் குழி. முறுகுகிற உருக்குக்கு வெடிப்பு தொடங்கும் வாசல். உலர்ந்த காற்றில் உருக்குக்கு ஓர் எல்லை உண்டு: அதற்குக் கீழே எத்தனை கோடி தடவை வளைத்தாலும் களைத்து முறியாது. பொறியியலாளர் அந்த எல்லையை நம்பித்தான் தகட்டின் தடிப்பைத் தீர்மானிக்கிறார். உப்பு நீரில் ஊறிய உருக்குக்கு அந்த எல்லையே இல்லாமல் போய்விடுகிறது. ஒவ்வொரு பள்ளமும் வெடிப்பை மயிரிழை தள்ளும். முறியும் நாளில் வானில் பாரம் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. ஆளில்லாத வான், வேகத்தடையில் மெல்ல ஏறி இறங்கும்போது முறிந்ததும் உண்டு என்று அண்ணை சொன்னார்.

ஓக்வில்லில் அவருக்கு ஒரு சின்ன வேலை இருந்ததால் கியூ.ஈ.டபிள்யூ. நெடுஞ்சாலையால் போனோம். வழியில் ஃபோர்ட் ஆலையின் நீண்ட கட்டடங்கள் தெரிந்தன. 1953இல் திறந்த ஆலை. வின்ட்ஸ்டார் என்ற வான் 1990களின் நடுவிலிருந்து 2003 வரை உருவானது இங்கேதான். அந்தப் பெயரைச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2010 ஆகஸ்டில், 1998 முதல் 2003 வரையான வின்ட்ஸ்டார் வான்களின் பின்அச்சு துருவால் முறியக்கூடும் என்று நிறுவனம் அவற்றைத் திருப்பி அழைத்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் சேர்த்து ஏறத்தாழ 575,000 வான்கள். அமெரிக்காவில் எல்லா மாநிலங்களும் அந்த அழைப்பில் வரவில்லை. மெயின், மிச்சிகன், ஒஹாயோ, நியூயோர்க் போல வீதிக்கு உப்புப் போடும் மாநிலங்கள் மட்டும்தான். ஃப்ளோரிடாவில் ஓடிய அதே வானுக்கு அழைப்பு இல்லை. அச்சைப் பரிசோதித்து, நன்றாக இருந்தால் தாங்கு இரும்புகள் பொருத்தினார்கள். வெடித்திருந்தால் அச்சையே மாற்ற வேண்டும்.

இந்தச் செய்தியில் எனக்குப் பெரிதாகப் படுவது எண்ணிக்கை அல்ல. ஒரே ஆலை, ஒரே அச்சு, ஒரே வயது. வேறுபட்டது வீதியில் கிடந்தது மட்டும். இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. ஆனால் அழைப்பு என்பது ஒரு மாடலுக்கும் சில வருடங்களுக்கும் மட்டுமே. இதே அமைப்பில் பின்அச்சு உள்ள வேறு எத்தனையோ பழைய வான்கள் எந்த அழைப்பும் இல்லாமல் ஓடுகின்றன. அழைப்பு வந்தாலும் கடிதம் போவது நிறுவனத்தின் பட்டியலில் உள்ள உரிமையாளருக்கு. மூன்று கை மாறி, காசு கொடுத்துக் கூட்டாளியிடம் வாங்கிய வானுக்கு அது வந்து சேருமா? 17 எழுத்தும் இலக்கமுமாக உள்ள வாகன அடையாள எண்ணைக் கொடுத்துத் தேடினால் தெரிந்துவிடும். பழைய வான் வாங்குகிற நம்மவர்களில் எத்தனை பேர் அதைச் செய்கிறோம்?

ட்ரஃபல்கார் வீதியால் வடக்கே ஏறி 401ஐப் பிடித்தோம். அண்ணை பரந்தன்காரர். தகப்பன் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். ஆனையிறவு உப்பைக் கொண்டுவந்து கோஸ்ரிக் சோடாவும் குளோரினும் செய்த இடம். உப்பு இரும்பை என்ன செய்யும் என்பதை வீட்டிலேயே கேட்டு வளர்ந்தவர் அவர். அங்கே வெயில் எல்லாவற்றையும் காய வைத்துவிடும், இங்கே ஈரம் காய்வதில்லை, அதுதான் வித்தியாசம் என்றார். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நனைந்துவிடும். கடுங்குளிரில், மைனஸ் பத்துப் பாகைக்குக் கீழே அந்த உப்பு பெரிதாக வேலை செய்யாது. அப்போது கல்சியம் குளோரைடு, மக்னீசியம் குளோரைடு கரைசல்களைத் தெளிப்பார்கள். அவை இன்னும் குறைந்த ஈரப்பதத்திலேயே காற்றிலிருந்து நீரை இழுத்து ஈரமாகவே கிடக்கும். வானைச் சூடேற்றிய கராஜுக்குள் விடுபவர்கள் அதற்கு நன்மை செய்வதாக நினைக்கிறார்கள். வெளியே உறைந்து கிடக்கும் உப்புச்சேறு உள்ளே உருகி வேலையைத் தொடங்குகிறது. குளிரில் மெல்ல நடக்கும் துரு, சூட்டில் விரைகிறது.

யாட்டில் வான்கள் வரிசை வரிசையாக இரும்பு றிம்களின் மேல் தூக்கி வைக்கப்பட்டிருந்தன. கீழே சேறு, கண்ணாடித் துண்டுகள். அண்ணை ஒரு காட்போட் மட்டையை விரித்துப் படுத்து உள்ளே போனார். கையில் சின்னச் சுத்தியலும் நீட்டு ஸ்குரூ டிரைவரும். நல்ல உருக்கைத் தட்டினால் சத்தம் நீண்டு கேட்கும். துரு தின்ற உருக்கு மந்தமாக ஒலிக்கும். முதல் வானில் தட்டியதுமே துருப்பொடி அவர் கழுத்தில் கொட்டியது. இரண்டாவதில் சத்தம் பரவாயில்லை, ஆனால் வாய்க்குள் ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்த, நுனி மறுபக்கம் வந்து நின்றது. அந்த வானின் மேல் உடம்பு கீறல்கூட இல்லாமல் இருந்தது. இன்னொன்றுக்கு யாரோ அடிப்பக்கம் முழுவதும் தடித்த கறுப்புத் தார்ப் பூச்சு அடித்து விட்டிருந்தார்கள். அதைச் சுரண்டினார். பூச்சு ஒரு பாளமாக உரிந்து வந்தது. அதன் கீழே ஈரமான செந்துரு. துருவின் மேல் தார் அடித்தால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லை. விற்பதற்காகச் செய்கிற வேலை இது என்று கோபத்தோடு சொன்னார்.

வரிசையின் கடைசியில், பின்கதவில் ரெக்சஸ் விற்பனையாளர் ஒருவரின் ஒட்டி இருந்த வான் ஒன்று நின்றது. முன்பக்கம் நொறுங்கிப்போயிருந்தது. கிட்டத்தட்ட அதே வயது. அதன் கீழ் படுத்து எழும்பியவர் என்னையும் படுக்கச் சொன்னார். உட்பக்கத்துப் பெயின்ற்கூடக் கறுப்பாகவே இருந்தது. தொழிற்சாலையில் ஒட்டிய இலக்கச் சீட்டை இன்னமும் வாசிக்க முடிந்தது. ஆனால் அது வேறு மாடல், எங்கள் வானுக்குப் பொருந்தாது.

யாட்டுக்காரர் உதவி செய்கிற எண்ணத்தோடுதான் ஒரு யோசனை சொன்னார்: முறிந்த இடத்தில் தகடு வைத்து வெல்ட் அடித்துவிட்டால் இன்னும் இரண்டு குளிர்காலம் ஓடும், நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். அண்ணை அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தபின் என்னிடம் விளங்கப்படுத்தினார். “இது திருகிற சாமான் தம்பி. தகடு வைச்ச இடம் திருகாது. அப்ப தகட்டுக்குப் பக்கத்தில உள்ள துருப்பிடிச்ச இடம்தானே எல்லாத் திருகலையும் வாங்க வேணும்? அடுத்த முறிவு அங்கதான். நான் அப்பிடிச் செய்து குடுத்திட்டு இரவில நித்திரை கொள்ள ஏலாது.”

வெறுங்கையோடு மேற்கே போனோம். ஸ்ட்ராட்போர்ட், சீஃபோர்த், கிளின்ரன் என்று 8ஆம் நெடுஞ்சாலை தட்டையான பண்ணை நிலங்களுக்கு ஊடாகப் போகிறது. எதிரே கிழக்கு நோக்கி உப்பு லொறிகள் வந்துகொண்டிருந்தன.

கொட்ரிச் அழகான ஊர். நடுவே எண்கோணமாகச் சுற்றிவரும் வீதி, அதற்குள் நீதிமன்றக் கட்டடம். 2011 ஆகஸ்டில் அடித்த சுழல்காற்று இந்தச் சதுக்கத்தைக் குதறிப்போட்டது. உப்புச் சுரங்கத்தில் வேலை செய்த ஒருவர் அன்று இறந்தார். ஊர் மறுபடி கட்டப்பட்டுவிட்டது, நிழல் மரங்கள் மட்டும் இன்னும் சின்னனாக இருக்கின்றன. அங்கிருந்து இறங்கினால் மெயிற்லண்ட் ஆறு ஏரியில் விழும் இடத்துக்குப் பக்கத்தில் துறைமுகம். குளிர்காலத்துக்குக் கட்டி நிறுத்திய ஏரிக்கப்பல்கள் நின்றன. அவற்றுக்குப் பின்னால் சுரங்கத்தின் கோபுரங்கள். உலகத்திலேயே பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் இது. சுரங்கம் ஊருக்குக் கீழே நிற்கவில்லை. 500 மீற்றருக்கும் அதிகமான ஆழத்தில் ஏரிக்கு அடியால் கிலோமீற்றர் கணக்கில் போகிறது. கூரையைத் தாங்க உப்பிலேயே தூண்கள் விட்டு, நடுவில் வெட்டி எடுக்கிறார்கள்.

1866இல் இங்கே துளை போட்டவர்கள் தேடியது எண்ணெய். கிடைத்தது உப்பு. 40 கோடி வருடங்களுக்கு முன் வெப்பமண்டலக் கடல் ஒன்று வற்றி விட்டுப்போன படிவம்; ஏரிக்கு அடியால் மிச்சிகனுக்குள்ளும் பரவி டெட்ரொயிட்டுக்குக் கீழேயும் கிடக்கிறது. அங்கேயும் ஒரு சுரங்கம் உண்டு. கார் செய்த நகரமும் காரைத் தின்கிற உப்பும் ஒரே பாறைப் படுகையில் இருக்கின்றன. நீண்ட காலம் இந்த உப்பு சாப்பாட்டுக்கும் தொழிற்சாலைக்கும்தான் போனது. வீதிக்கு மணலும் சாம்பலும்தான் போட்டார்கள். அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷையர் 1938இல் வீதி உப்பைப் பரீட்சித்தது. போருக்குப் பிறகு, எந்தப் பனியிலும் தார் தெரிய வேண்டும் என்பது வட அமெரிக்காவின் எதிர்பார்ப்பானது. கொட்ரிச்சில் சுரங்கம் திறந்தது 1959இல். இன்று கனடாவின் வீதிகளுக்கு ஒரு வருடத்தில் ஏறத்தாழ 50 இலட்சம் தொன் உப்புப் போகிறது. 2001இல் மத்திய அரசின் ஆய்வு வீதி உப்பைச் சுற்றாடலுக்கு நஞ்சு என்று தீர்மானித்தது. தடை செய்யவில்லை, அளவாகப் பாவிக்கும் விதிமுறையை 2004இல் கொண்டுவந்தது.

தடை செய்யவும் முடியாது. ஜனவரி இரவில் அம்புலன்ஸ் போக இந்த உப்பு வேண்டும். எங்கள் ஆட்கள் அதிகாலை வேலைக்குப் போய் உயிரோடு திரும்ப இது வேண்டும். உப்பை நான் குறை சொல்லவில்லை. உப்புப் போடுகிற அரசே அந்த உப்பு தின்கிற இடத்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்கிறேன். ஒன்ராறியோவில் சொந்தப் பாவனைக்கான வாகனம் கைமாறும்போது மட்டும் பாதுகாப்புச் சான்றிதழ் கேட்கிறார்கள். அந்தச் சான்றிதழுக்கு ஆயுள் 36 நாள். அதற்குப் பிறகு பத்து வருடம் நீங்களே வைத்து ஓட்டினாலும் ஒருவரும் அடியைப் பார்க்கச் சொல்லமாட்டார்கள். புகைப் பரிசோதனை ஒன்று இருந்தது, அதையும் 2019இல் நிறுத்திவிட்டார்கள். அதுவும் புகையைத்தான் பார்த்தது. இதே நாட்டில் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் வருடா வருடம் வாகனத்தைப் பரிசோதிக்கிறார்கள், நோவா ஸ்கோஷியாவில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. பிரித்தானியாவில் மூன்று வயது கடந்த கார் ஒவ்வொரு வருடமும் சோதனைக்குப் போகிறது, துருவும் அதில் ஒரு பிரிவு. பழைய வான் ஓட்டுகிறவர் யார் என்று பார்த்தால் இது எவ்வளவு அவசியம் என்று தெரியும். புதிதாக வந்த குடும்பம், மணித்தியாலச் சம்பளக்காரர், ஏஜென்சி வேலைக்கு ஆட்களை ஏற்றிப் போகிறவர். அவர்கள் எஞ்சின் சத்தத்தைக் கேட்பார்கள், கிலோமீற்றரைப் பார்ப்பார்கள், கதவைச் சாத்திப் பார்ப்பார்கள். அடியில் குனிந்து பார்க்க அவர்களுக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

முறிவதற்கு முன் வான் சொல்லாமல் விடுவதில்லை என்று துறைமுகத்தில் நின்றபடி அண்ணை சொன்னார். பள்ளத்தில் பின்னால் “டொக்” என்று ஒரு சத்தம். நெடுஞ்சாலையில் வழி மாறும்போது பின்பக்கம் ஒரு கணம் தாமதித்து வருவது. ஒரு பின்ரயர் மட்டும் உட்பக்கம் தேய்வது. பின்னால் நின்று பார்த்தால் ஒரு சில்லு சரிந்து தெரிவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் வானைத் தூக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே விரல் விட்டுத்தான் பார்க்க வேண்டும், வெளியே பார்த்து ஒன்றும் தெரியாது. நல்லதாக இருந்தால் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் உள்ளே படும்படி துருத்தடுப்பு எண்ணெய் அடிக்கலாம். பனி உருகும் நாட்களில் அடிப்பக்கத்தைக் கழுவலாம். தார் வேண்டாம்.

அங்கிருந்தே வான்காரருக்கு ஃபோன் எடுத்தார். பழைய அச்சு எதுவும் சரிவரவில்லை, புதியதைப் போட்டாலும் அச்சு பிடிக்கிற இடத்துத் தகடும் பிரேக் லைனும் அதே நிலைதான், இந்த வானுக்கு இனிக் காசு செலவழிக்க வேண்டாம் என்றார். மறுபக்கத்தில் மனிதர் கொஞ்ச நேரம் கெஞ்சினார் போல. அண்ணை பொறுமையாகக் கேட்டார். புதிய வண்டி கிடைக்கும் வரை தன்னுடைய பழைய காரை எடுத்து ஓடலாம் என்றார். பிறகு, ஞாபகம் வந்தவர் போல:

“உங்கட மருமகனும் அதே வருசத்து வான்தானே வைச்சிருக்கிறார்? ஞாயிற்றுக்கிழமை கொண்டுவரச் சொல்லுங்கோ. காசு வேண்டாம். தூக்கி ஒருக்காப் பாப்பம்.”